யார் போடும் மதிப்பெண்?

குழந்தை வளர்ப்புப் பயிற்சிகளில் 'ட்ரிபிள் பி' அளவுக்கு நாடுகள் பல சுற்றியவை குறைவு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மாத்யூ சாண்டர்ஸ் உருவாக்கியது. ஊடகப் பிரசாரத்தில் தொடங்கி, சிக்கல் முற்றிய குடும்பத்துக்கான தனி ஆலோசனை வரை ஐந்து படிகள்.

எளிமைதான் இதன் பலம். "சமத்து" என்று பொத்தாம்பொதுவாகப் புகழாமல், "கேட்காமலே தங்கைக்குப் பங்கு கொடுத்தாயே" என்று செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டச் சொல்கிறது. விதிகள் சிலவே இருக்கட்டும். மீறினால் கத்தாமல், கை ஓங்காமல், முன்பே சொன்ன விளைவை நடத்திக் காட்ட வேண்டும். அடியைத் தவிர வேறு வழி அறியாத பெற்றோருக்கு இது பெரிய விஷயம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 18 மாவட்டங்களைக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை, பயிற்சி சென்ற மாவட்டங்களில் குழந்தைக் கொடுமை கட்டுப்பட்டதாக 2009இல் சொன்னது.

ஆனால், சொன்னவர்களில் சாண்டர்ஸும் ஒருவர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பிலிப் வில்சன் குழுவினர் 2012இல் 33 ஆய்வுகளை அலசியபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் திட்டத்தோடு தொடர்புடையவர்கள் இருந்தார்கள். பிள்ளை மாறியதாக அம்மாக்கள் எழுதினார்கள். அப்பாக்களின் பதிலிலும் வெளியார் கவனித்த கணக்கிலும் அந்த மாற்றம் தெரியவில்லை. நேரம் செலவழித்துப் பயிற்சிக்குப் போன தாய், பலன் இருந்ததாக எழுதுவது இயல்பு. அதை மட்டும் நம்பி அரசு பணம் போடுவதுதான் கோளாறு. (101 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் சாண்டர்ஸ் குழு நற்பலன் காட்டியதையும் சொல்லிவிட வேண்டும்.)

எனக்குக் கனமாகப் படுவது சூரிச் நகரச் சோதனை. 2004இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள், 56 பள்ளிகள். சில பள்ளிகளில் பெற்றோருக்கு ட்ரிபிள் பி, சிலவற்றில் வகுப்பறையிலேயே பிள்ளைகளுக்கு உணர்ச்சிக் கட்டுப்பாட்டுப் பாடம், சிலவற்றில் இரண்டும், மற்றவற்றில் எதுவும் இல்லை. வகுப்பறைப் பாடம் முரட்டுத்தனத்தைக் குறைத்தது. பெற்றோர் பயிற்சி நீடித்த பலன் எதையும் காட்டவில்லை. பெற்றோரில் பெரும்பாலோர் பயிற்சிக்கு வரவே இல்லை, குறிப்பாகப் புலம்பெயர்ந்த குடும்பத்தார். அங்கே பெற்றோரை நேர்காணல் செய்த மொழிகளில் தமிழும் ஒன்று.

ஆகவே, வகுப்பறைதான் முதல் இடம். தேடி வரும் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி துணையாக இருக்கட்டும். உங்கள் பள்ளி இப்படியொரு பயிற்சிக்கு அழைத்தால், முடித்தவர்களின் பாராட்டுக் கடிதங்களைப் பார்த்து மயங்காதீர்கள். பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், வகுப்பாசிரியர் என்ன மாற்றம் கண்டார் என்று கேளுங்கள்.