எஞ்சினுக்கு முன் கியர்பாக்ஸ்

பழைய கார்களுக்கு எஞ்சின் மாற்றலாமா என்று கேட்டால் இரண்டு கட்சிகள் எழுந்து நிற்கும். கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினைக் கழற்றிவிட்டால் அது அந்தக் காரே இல்லை என்பது ஒரு கட்சி. ஓடாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கிடைத்ததைப் போட்டு ஓட்ட வேண்டியதுதான் என்பது மறு கட்சி. இரண்டுமே எஞ்சினை மட்டும் பார்த்துப் பேசுகின்றன. மாற்றம் உருப்படுமா என்பதைத் தீர்மானிப்பதோ எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில், பிரேக் ஆகியவை. தென்காசிப் பக்கம் கார் வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கு இறங்கும் சாலையில், எஞ்சினின் வலு ஏற்றத்தில் தெரிந்துவிடும். பின்னால் உள்ளவற்றின் பொருத்தம் இறக்கத்தில்தான் தெரியும். வண்டியில் இருப்பது எந்த கியர்பாக்ஸ் என்று உறுதியாகத் தெரியாமல் எஞ்சினில் கை வைக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாற்றத்துக்கு ஆதரவான பக்கத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் கொண்டுவந்த அம்பாசடருக்கு, முதலில் 1476 சிசி பக்கவால்வு எஞ்சின். சீக்கிரமே 1489 சிசி மேல்வால்வு எஞ்சின். பின்னாளில் அதே கொள்ளளவில் டீசல். 1990களில் இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சின், அதன்பின் இசுசு டீசல். 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றவரை உடல் ஏறக்குறைய அப்படியே இருக்க, எஞ்சின்கள்தான் வந்துபோயின. ஜீப்பின் கதை இன்னும் வெளிப்படையானது. உயரம் கூடிய ஹரிக்கேன் எஞ்சினை உள்ளே அடக்குவதற்காகவே வில்லிஸ் நிறுவனம் 1953இல் சிஜே-3பி ஜீப்பின் பானெட்டை உயர்த்தியது. பின்னர் மகிந்திரா பல ஆண்டுகள் செய்து விற்ற அந்த உயர்ந்த மூக்கு, ஓர் எஞ்சின் மாற்றத்தின் விளைவு. ஊர் சார்ந்த காரணமும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலில் டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் ஒயரும் ஈரம் கோத்துப் பெட்ரோல் கார் அடம்பிடிக்கும்; டீசலில் அந்தத் தொல்லையே கிடையாது. வாடகைக் கார்க்காரருக்கு டீசலின் மலிவு விலையும் சேர்ந்துகொண்டது. இத்தனையையும் வைத்துப் பார்த்தால், எஞ்சின் மாறினாலே காரின் அடையாளம் போய்விடும் என்ற வாதம் நிற்காது.

ஆனால் கம்பெனி மாற்றியபோது எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. இசுசு எஞ்சினோடு அதற்கேற்ற ஐந்து கியர் பெட்டியும் வந்தது. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் லீவர் தரைக்கு இறங்கியது. பட்டறை மாற்றம் பிசகுவது இந்த இடத்தில்தான். எஞ்சின் ஓரிடத்தில் கிடைக்கும், கியர்பாக்ஸ் வேறிடத்தில் கிடைக்கும். இரண்டையும் சேர்க்க லேத்தில் ஒரு தகடு கடைந்தால் போதும் என்று வேலை தொடங்கிவிடும். இன்புட் ஷாஃப்டின் பற்களும் கிளட்ச் பிளேட்டின் பற்களும் ஒத்துப்போக வேண்டும். ஷாஃப்டின் முனை கிராங்க் நடுவே உள்ள புஷ்ஷில் நேராக உட்கார வேண்டும். தகடு மயிரிழை விலகினாலும் கிளட்ச் அதிரும், பேரிங் தேயும். இவற்றைச் சரியாகச் செய்ய, இருக்கும் பெட்டி எது என்று தெரிந்தாக வேண்டும். லீவர் எங்கே இருக்கிறது என்பது அதற்குச் சாட்சி ஆகாது; ஸ்டியரிங் கியரைத் தரைக்கு மாற்றிய வண்டிகள் ஏராளம். ஆர்.சி. புத்தகமும் உதவாது, அதில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் உண்டு, கியர்பாக்ஸ் எண் இல்லை. பெட்டியின் மேல் வார்ப்பிலேயே உள்ள எண், மூடியின் வடிவம், அதிலுள்ள போல்ட்டுகள், இன்புட் ஷாஃப்டின் பற்கள் ஆகிய நான்கும் ஒன்றையே சொல்ல வேண்டும். பெட்டியைக் கழற்றாமலே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. கிராங்க் புல்லியிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றி எண்ணினால், கியர் விகிதம் அத்தனையும் கிடைத்துவிடும். நாலு கியர் பெட்டியின் டாப்பில் இரண்டும் சமமாகச் சுற்றும். இசுசுவின் ஐந்தாவதில் ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும்.

இந்த எண்ணிக்கை எதற்கு என்பதை ஒரு கணக்கு காட்டும். பழைய பெட்ரோல் ஜீப்பின் பின் ஆக்சில் விகிதம் 5.38, 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் டாப் கியரில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அதே வண்டியில் 3000 சுற்றோடு நின்றுவிடும் டீசல் எஞ்சினை வைத்தால் 75ஐத் தாண்டாது. இழுவை கூடியும் சமவெளியில் வண்டி அலறிக்கொண்டே ஓடும். இதைச் சரிசெய்ய ஆக்சிலின் கிரவுன் பினியனை வேகமான விகிதத்துக்கு மாற்றினால், முதல் கியரில் மலையேறும் பலம் குறையும். இறக்கத்திலும் அதே கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் தன்மை தளரும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் அமைப்பு இது. பிரேக்கிலும் இதே சங்கிலிதான். பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் காற்றில் உண்டாகும் வெற்றிடத்தை நம்பி இயங்கும் பிரேக் பூஸ்டருக்கு, டீசல் எஞ்சினில் தனி வேக்குவம் பம்ப் வேண்டும். அதை மறந்த வண்டியில் பெடல் கல்லாகிவிடும். பூஸ்டரே இல்லாத பழைய டிரம் பிரேக் அம்பாசடரில் கனமான வேன் எஞ்சினை ஏற்றினால், முன் சக்கரங்களின் மேல் விழும் கூடுதல் பாரத்தை அந்தப் பழைய டிரம்கள்தான் தாங்க வேண்டும்.

கைதேர்ந்த மெக்கானிக் இதையெல்லாம் காதால் கேட்டே சரிசெய்துவிடுவார், கணக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பட்டறைக்காரர்களின் கைத்திறன் உண்மையானது. பாகம் கிடைக்காத காலத்தில் இந்தக் கார்களை ஓடவைத்தவர்கள் அவர்களே. ஆனால் திறமை பொருத்தத்துக்கு ஈடாகாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 காரில் ரோவர் எஸ்டி1இன் நவீன உடலுக்குள் வான்கார்டு என்ற பழைய கார் காலத்து 2 லிட்டர் எஞ்சின் இருந்தது. பொறியாளர்களும் தொழிற்சாலையும் இருந்தும், கனத்த உடலும் பழைய எஞ்சினும் ஒத்துப்போகவில்லை. விலையும் அதிகம், எரிபொருளும் அதிகம். சில ஆண்டுகளிலேயே கதை முடிந்தது. தொழிற்சாலைக்கே நேர்ந்தது இதுவென்றால், எண்ணிப் பார்க்காமல் செய்யும் மாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இப்போது அசல் கட்சியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த கார் தனிப் பதிவு பெற வேண்டுமானால் சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்தப் பதிவில் வாடகைக்கும் ஓட்ட முடியாது. பாதுகாப்பு நோக்கில் 52ஆம் பிரிவு சரியானதே. ஆனால் விண்டேஜ் விதி ஒரு வண்டி பிழைத்துவந்த வரலாற்றைக் குறையாகவே பார்க்கிறது. 1960களின் அம்பாசடர் ஒன்றில் அடுத்த பத்தாண்டின் அதே இன எஞ்சின் இருப்பதையும், வேன் எஞ்சின் இருப்பதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. மறுபுறம், டீசலுக்கு மாறியவர்களின் முக்கியக் காரணமும் தளர்ந்துவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டபின் பெட்ரோலுக்கும் டீசலுக்குமான இடைவெளி சுருங்கிவிட்டது. அந்த லாபத்துக்காக ஒரு காரை வெட்டி ஒட்டுவதில் இன்று பொருளில்லை.

எனவே மாற்றம் ஏற்கத்தக்கதா என்பதற்கு எஞ்சினின் பெயரையோ பட்டறையின் புகழையோ அளவுகோலாகக் கொள்ள முடியாது. முதலில், கியர்பாக்ஸும் ஆக்சிலும் எவை என எண்களோடு எழுதிவைத்திருக்க வேண்டும். இரண்டாவது, புது எஞ்சினின் சுற்று வேகமும் எடையும் அவற்றோடும் பிரேக்கோடும் கணக்கில் ஒத்துவர வேண்டும். மூன்றாவது, சேசிஸையோ தரையையோ வெட்டாமல், கழற்றிய எஞ்சினையும் தூக்கிப்போடாமல், பின்னொரு நாள் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். நான்காவது, பதிவு அலுவலகத்தின் ஒப்புதல். இந்த நான்கும் நிறைவேறும் மாற்றம், அம்பாசடர் தன் ஆயுள் முழுக்கக் கம்பெனியிலேயே கண்ட மாற்றங்களின் தொடர்ச்சி. ஒன்று குறைந்தாலும் எஞ்சினை மாற்றுவதைவிட, இருக்கும் எஞ்சினுக்குப் புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு ஓட்டுவதே மலிவு. ஆரியங்காவு இறக்கத்தில் அதுவே பத்திரமும்கூட.