ஒரே பருவத்தில் இறங்கிய ஹெலிகாப்டர்

1996-இல் பிரிட்டனின் ஐடிவியில் வந்த 'கால் ரெட்' தொடர் ஒரே பருவத்தோடு நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் குழுவின் கதை அது. பிபிசியின் ஆஸ்பத்திரித் தொடரான 'கேஷுவல்ட்டி'யோ 1986-இலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. 'கால் ரெட்' நின்றதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று சொல்லிவிடலாம்; எனக்கென்னவோ ஹெலிகாப்டர் குழுவினர் செய்யும் தொழிலின் இயல்பே காரணம் என்று படுகிறது. ஆஸ்பத்திரிக் கதையில் நோயாளி படுத்திருப்பார், உறவுகள் வரும், பழைய சண்டை கிளறப்படும். ஹெலிகாப்டர் குழுவுக்குக் கிடைப்பவரோ பெரும்பாலும் பேசும் நிலையில் இருப்பதில்லை.

லண்டனில் 1989-இல் தொடங்கிய ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவையைப் பாருங்கள். வொயிட்சாப்பலில் ராயல் லண்டன் மருத்துவமனையின் மொட்டைமாடியிலிருந்து கிளம்பிய சிவப்பு டாஃபின் ஹெலிகாப்டர்; வால் விசிறி வளையத்துக்குள் சுழலும். அந்தச் சேவையின் பெருமை வேகம் மட்டுமல்ல. மருத்துவரையே தெருவுக்குக் கொண்டுவந்ததுதான். நடைபாதையில் மண்டியிட்டு மயக்க மருந்து கொடுப்பார்கள், தேவைப்பட்டால் நெஞ்சையே திறப்பார்கள். பிறகு நோயாளி பல நேரம் சாதாரண ஆம்புலன்சில்தான் போவார். பறப்பது, சொல்லப்போனால், வேலையின் பாதிகூட இல்லை. தீயணைப்பு வீரர்களும் வெளியே ஓடுகிறவர்கள்தானே, அவர்களைப் பற்றிய 'லண்டன்ஸ் பர்னிங்' தொடர் 1988 முதல் 2002 வரை ஓடியதே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தீயணைப்பு நிலையத்தில் சாப்பாட்டு மேசை உண்டு, வம்பளக்க ஒரு பட்டாளம் உண்டு. இங்கே இருப்பது ஒரு மருத்துவர், ஒரு பாராமெடிக், விமானிகள், அவ்வளவுதான். மருத்துவமனையில் ஒப்படைத்ததும் நோயாளி இவர்கள் கதையிலிருந்தே போய்விடுகிறார். இவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, பையை மறுபடி அடுக்குகிறார்கள்.