வாசகனைத் தேடும் புஸ்தகம்

எஸ். ஆர். ரங்கநாதன் ஆங்கிலத்தில் எழுதி 1931-ல் வெளிவந்த ‘நூலக விஞ்ஞானத்தின் ஐந்து விதிகள்’ என்பதைத் தொழில் நூல் என்று ஒதுக்குகிறவர்கள் அதைப் பிரித்தே பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானவர் அவர். ஆனால் அவருடைய விதிகள் சூத்திரங்களாக நிற்பதில்லை. பாத்திரங்களாக வந்து வாதாடுகின்றன. (நம் நாவல்கள் சிலவற்றில் மனிதர்களே சூத்திரங்களாக வந்து போகிறார்கள்!) வாதம் சில இடங்களில் நீளத்தான் நீள்கிறது.

என்னைப் பிடித்துக்கொண்டது மூன்றாவது விதி. வாசகன் புஸ்தகத்தைத் தேடி வருவது எல்லோரும் அறிந்தது. புஸ்தகமும் வாசகனைத் தேடிப் போகவேண்டும் என்கிறார் இவர். அதற்காகவே அலமாரிகளைத் திறந்து வைத்து, வாசகனை நடுவே உலாவ விடச் சொல்கிறார். ஒன்றைத் தேடிப் போனவன் கையில் பக்கத்திலிருந்த இன்னொன்று அகப்படும். பெயர் தெரியாத ஆசிரியனுக்கு இதைவிட்டால் வேறு கதி ஏது?

எனக்குத் தெரிந்த ஒரு சர்வகலாசாலை நூலகத்தில் புதுவரவுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அட்டையைப் பார்க்கலாம், முதல் பக்கத்தைப் புரட்ட முடியாது. வேண்டுமானால் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டுமாம். படித்துப் பார்க்காமல் வேண்டுமா, வேண்டாமா என்று எப்படித் தெரியும்? திறந்து வைத்தால் களவு போகிறது என்கிறார்கள். நாலு புஸ்தகம் களவு போகாமலிருக்க நாற்பதைப் படிக்கவிடாமல் செய்வது என்ன கணக்கோ!

போன மாதம் அந்தப் பெட்டியில் பார்த்த ஒரு முதல் நாவல் இன்னும் அப்படியே சாய்ந்திருக்கிறது. எழுதியவர் பெயரை நான் அதற்குமுன் கேட்டதில்லை.