'த்யூ', 'வூ', அண்ணே

காரைக்கால்மேட்டில் இருக்கும் என் சித்தி பையன் பிரெஞ்சு கத்துக்கிட்டது வாட்ஸப்பில். எதிர்முனையில் பாரிஸில் பிறந்து வளர்ந்த எங்க பெரியம்மா மகன். 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பத்தில்தான் பெரியம்மா வாழ்க்கைப்பட்டாங்க. அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் சாட் முழுக்க பிரெஞ்சு.

ஆரம்பத்தில் தம்பி "த்யூ ஆ மான்ஷே?" என்று கேட்டிருக்கான். சாப்டியா என்பதுதான். "ஆமா, ஏன்?" என்று பதில் வந்தது. தமிழில் கேட்டிருந்தா அண்ணனே "ஆச்சுடா" என்றிருப்பார்.

அது சிரிப்போடு போச்சு. அடுத்தது போகலை. மேல்படிப்பு விஷயமா உதவி கேட்கும்போது, மரியாதையா இருக்கட்டும்னு 'த்யூ'வை விட்டுட்டு 'வூ' போட்டு எழுதினான். "என் மேல ஏதாவது கோபமா?" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் ரெண்டு வாரம் பேச்சே இல்லை.

இந்த விஷயத்துக்கு எல்லாரும் கைகாட்டுவது ரோஜர் ப்ரவுன், ஆல்பர்ட் கில்மன் 1960-ல் எழுதிய கட்டுரையை. நீ, நீங்க போன்ற சொற்களை அதிகாரம், நெருக்கம் என்ற இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்ப்பது அது. ஐரோப்பாவில் நெருக்கம் மேலோங்குகிறது என்பது அவர்கள் முடிவு. வழக்கமான சொல்லைத் திடீரென்று மாற்றினால் அதில் மனநிலை தெரியும் என்றும் சொல்கிறார்கள். அண்ணனுக்கு ஏன் சுருக்கென்றது என்பதற்கு இது போதும்.

தம்பி ஏன் மாற்றினான் என்பதற்குப் போதாது. எங்க வீடுகளில் அம்மாவை 'நீ' என்போம், அப்பாவை 'நீங்க' என்போம். "அண்ணே, நீ வாயேன்" என்பதில் மரியாதைக் குறைவு கிடையாது. மரியாதை 'அண்ணே'வில் உட்கார்ந்திருக்கு. பிரெஞ்சில் அந்த 'அண்ணே'வுக்கு இடமில்லை. 'நீ' தனியா நிக்குது. அந்தச் சுமையைத்தான் தம்பி 'வூ' தலையில் ஏற்றினான். கட்டுரை பிரதிப்பெயரை மட்டும் பார்த்ததால் இது அதன் கண்ணில் படவில்லை. (ப்ரவுனே 1961-ல் ஃபோர்டுடன் சேர்ந்து விளிப்பெயர்களைப் பற்றி எழுதினார். ஆனால் அது அமெரிக்க ஆங்கிலத்துக்கு.)

சாட்டில் படிச்சா நிஜப் பேச்சு வரும் என்பார்கள். வருது, மறுக்கலை. பாடப்புத்தகம் 'வூ'வில் ஆரம்பிக்கும். தம்பிக்கு முதல் நாளே 'த்யூ' கிடைச்சுது. ஆனா அவன் பார்த்தது ஒரே ஜன்னல். அண்ணன் தன் மேலாளருக்கோ பக்கத்து வீட்டுப் பெரியவருக்கோ எப்படி எழுதுவார் என்று அவனுக்குத் தெரியாது. எந்த இடத்தில் 'த்யூ' நின்று 'வூ' தொடங்குது என்பது அந்த ஜன்னலுக்கு வெளியே இருக்கு. முகமும் தெரியாது, குரலும் கேக்காது. தப்பு பண்ணினா மௌனம்தான் திருத்தம்.

கடைசியில் நான்தான் போன் போட்டு அண்ணன்கிட்ட விளக்கினேன். இப்போ தம்பி பிரெஞ்சு வாக்கியத்துக்கு முன்னாடி 'அண்ணே' என்று ரோமன் எழுத்தில் போட்டு, பின்னாடி 'த்யூ' எழுதறான். போன வாரம் அவரும் தன் பேருக்குப் பதிலா 'அண்ணே' என்றே கையெழுத்து போட்டிருந்தார். கடைசியில் 'பிசூ' வேற. முத்தங்கள் என்று அர்த்தம். அதைத் திருப்பி எழுத மட்டும் தம்பிக்கு இன்னும் கை வரலை.