மும்பையில் நட்பும் அதற்குக் கிடைத்த இடமும்

சங்க இலக்கியம் ஆடவர் நட்பின் உச்சமாகக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காட்டுகையில், பெண்ணின் நட்பைத் தோழி என்னும் பாத்திரத்துக்குள், அதாவது தலைவியின் காதலுக்குத் துணைநிற்பவளின் கடமைக்குள், பெரிதும் அடக்கிவிடுகிறது. அதியமான்–ஔவையார் நட்பு இதற்கு அரிய விதிவிலக்கு. அமெரிக்க உளவியலாளர் பால் ரைட் 1982இல், பெண்கள் நட்பு முகம்நோக்கியது, மனம்விட்டுப் பேசுவதில் வேர்கொள்வது என்றும், ஆண்கள் நட்பு தோளோடு தோள் நிற்பது, ஒரு செயலைச் சேர்ந்து செய்வதில் வளர்வது என்றும் பிரித்தார். நட்பு நெடுங்காலம் நீடித்து உறுதிப்படும்போது இந்த வேறுபாடு மங்கிவிடும் என்று அவரே சொன்னது ஏனோ குறைவாகவே நினைவுகூரப்படுகிறது.

மும்பையைக் குறித்த ஆய்வுகள், இவ்வேறுபாட்டை இயல்பில் தேடுவதைவிட இடத்தில் தேடுவதே பொருத்தம் என்று எண்ண வைக்கின்றன. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011இல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' என்னும் நூல், ஆண்கள் தெருமுனையிலும் டீக்கடையிலும் காரணமின்றி நிற்க முடிகிற இந்நகரில், பொதுவெளிக்கு வரும் பெண் தனக்கொரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதை விளக்குகிறது. ஆகவே பெண்கள் நட்பு வேலைக்கு நடுவில்தான் முளைக்கிறது: தாராவியின் தண்ணீர்க் குழாயடியில், செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் அலுவலகம் செல்வோர் காய்கறி நறுக்கியபடி வீடு திரும்பும் லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியில்.

இதன் வலிமையான சான்று, 1986இல் பைக்குலாவின் நடைபாதைவாசிப் பெண்களிடையே தோன்றிய 'மகிளா மிலன்'. கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையேற்ற தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்போடு இணைந்து இயங்கிய இவ்வமைப்பில், ஒரு பெண் வீடுவீடாகச் சென்று அன்றாடச் சேமிப்பைத் திரட்டுவாள். அந்த நடையில் பணத்தோடு எவர் வீட்டில் நோய், எவருக்கு வேலை போயிற்று என்பதும் சேர்ந்து வரும். கடன் யாருக்கு அவசரம் என்பதை அந்த அறிவே தீர்மானிக்கும். முகம்நோக்கியதா, தோளோடு தோளா என்ற கேள்வி இங்கே பொருளிழக்கிறது.

ஆண்கள் பக்கமும் அவ்வாறே. 1992–93 மதக் கலவரத்துக்குப் பின் தாராவியில் அமைதிக்காக உழைத்த பாவ் கோர்டே, வகார் கான் ஆகிய இருவரின் நட்பை, அஞ்சலி மான்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003இல் 'நாதா' என்னும் ஆவணப்படமாக்கினர். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் பொதுப்பணியில் இணைந்த கதை அது. ஆனால் வதந்தியும் அச்சமும் பிரித்துவைத்த மனிதர்களிடம் பேசுவதே அவர்களது பணியாக இருந்ததால், பெண்களுக்கு உரியதாகச் சொல்லப்படும் உரையாடலே அந்த ஆண்களின் செயலாயிற்று.

தாராவியின் மறுசீரமைப்பு தொடங்கிவிட்ட இக்காலத்தில், வாசற்படியையும் சந்துகளையும் இழந்து அடுக்குமாடிக் கதவுகளுக்குப் பின்னால் செல்லவிருக்கும் பெண்களின் நட்புவலையைப் பதிவுசெய்வது, வீடுகளைக் கணக்கெடுப்பதற்கு நிகரான அவசரப் பணியாகும்.