இயக்குதலும் இயங்குதலும்: ஒரு விண்தொலைநோக்கி விளையாட்டின் வினைச்சொற்கள்

அறிவியல் மொழிபெயர்ப்புப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களோடு நின்றுவிடுகின்றன. தொலைநோக்கியா, தொலைகாட்டியா என்பதற்குச் செலவிடப்படும் உழைப்பு, அக்கருவியின் வினையை எவ்வாறு கூறுவது என்பதற்குச் செலவிடப்படுவதில்லை. கல்விசார் கணினி விளையாட்டுகளைத் தமிழாக்க முற்படுங்கால் இக்குறை வெளிப்படுகிறது. திரையில் மாணவரை வழிநடத்துவன வினைகளே.

ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியை அறிமுகப்படுத்தும் பொருட்டு நாசா வழங்கிய ‘பில்ட் இட் யுவர்செல்ஃப்: சாட்டிலைட்’ என்னும் விளையாட்டு இதற்குத் தக்க சான்று. ஆடுபவர் ஆராயவேண்டிய அறிவியற் பொருளை முதலில் தேர்கிறார். அதற்கேற்ற அலைநீளம், கருவி, ஒளியியல் அமைப்பு ஆகியவற்றைப் பின்னர்த் தேர்ந்து செயற்கைக்கோளை ஏவுகிறார். முடிவில் அதனையொத்த உண்மைத் திட்டமொன்று காட்டப்பெறுகிறது. வினா முன்னும் கருவி பின்னுமாக அமைந்த இவ்வரிசை பாராட்டத்தக்கது. குறை வேறிடத்தது. தேர், பொருத்து, ஏவு என ஆடுபவர்க்குரிய வினைகள் யாவும் செயப்படுபொருள் குன்றாதவை. ஏவியபின் கருவிக்கு நிகழ்வன இங்கு இடம்பெறவில்லை.

அவ்விடுபட்ட பகுதியைச் சேர்க்க விழையும் தமிழாக்குநர் தன்வினை, பிறவினைச் சிக்கலை உடனே எதிர்கொள்வர். ஆங்கிலத்தின் ‘கூல்’, ‘டர்ன்’, ‘அன்ஃபோல்ட்’ ஆகியன ஒரே வடிவில் இருவினைக்கும் நிற்கும். தமிழில் குளிர்/குளிர்வி, திரும்பு/திருப்பு எனத் தெரிவு செய்தே ஆகவேண்டும். அத்தெரிவு பொறியியல் உண்மையையும் வெளிக்கொணர்வது நோக்கத்தக்கது. 2021 டிசம்பர் 25-இல் வெப் ஏவப்பட்டபின், அதன் சூரியமின் தகடு தானாக விரிந்தது. ஐந்தடுக்கு வெயில்மறைப்பையோ தரையிலிருந்து ஆணையிட்டு விரித்தனர். மறைப்பின் நிழலில் ஏனைய கருவிகள் ஏறத்தாழ 40 கெல்வின் வரை தாமே குளிர்ந்தன. நடு அகச்சிவப்புக் கருவியை மட்டும் குளிரூட்டியால் 7 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தனர்.

ஆயினும் ‘விரி’ என்னும் ஏவல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ‘விரிந்தது’, ‘விரித்தது’ என இறந்தகாலத்தில் பிரியும் இரண்டும் ஏவலில் ஒன்றாகின்றன. ‘விரியுங்கள்’ என்னும் மரியாதைப் பன்மையும் உதவுவதில்லை. எனவே திரைப் பொத்தானுக்கு ‘விரிக்க’ என்னும் வடிவமே ஐயமற்றது. மரியாதை பற்றிய நீ, நீங்கள் இடர்ப்பாடும் அதனால் நீங்கும்.

‘இயக்கு’ என்பது இன்னும் நுட்பமானது. விண்தொலைநோக்கியை எவரும் கைப்பிடி கொண்டு இயக்குவதில்லை. பால்டிமோரில் வகுக்கப்படும் நோக்கல் திட்டம் அனுப்பப்பட்டபின், வெப் அதனை வரிசைப்படி தானே நிறைவேற்றுகிறது. வழிகாட்டு விண்மீன் அகப்படாவிடில் அந்நோக்கலை விடுத்து அடுத்ததற்குச் செல்கிறது. ஆடுபவர் திட்டமிடுகிறார், ஆணையனுப்புகிறார்; தொலைநோக்கி இயங்குகிறது. ‘தொலைநோக்கியை இயக்குக’ என்னும் தலைப்பு ஆடுபவர்க்கு உவப்பானதே. அது கற்பிப்பது மட்டும் பிழை.

‘குளிர்வி’ மாணவர்க்குப் பழகாத சொல், அடுக்களையிலுள்ள ஆறு/ஆற்று இணையை ஆளலாம் என ஒரு கருத்து எழக்கூடும். பால் தானே ஆறும், பாலை ஆற்றுவர் என்பது விளக்கத்திற்கு நல்ல எடுத்துக்காட்டே. ஆனால் ஆறுதல் சூடான பொருளுக்குரியது. சுற்றுப்புற வெப்பநிலையோடு முடிவது. அதற்கும் கீழே கொண்டுசெல்லப்படும் கருவிக்குக் ‘குளிர்வி’ என்பதே பொருந்தும்.