தனியே இருக்க இடமில்லாத வீடு: சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ குறித்து

2004இல் காலச்சுவடு வெளியீடாக வந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலைப் பற்றி எம்மவர்களிடையே இரண்டு வகைப் பேச்சுத்தான் காதில் விழுகிறது. ஒன்று, “எங்கட வீட்டுக் குப்பைய ஏன் இவ தெருவில கொட்டுறா?” என்பது. மற்றது, “முஸ்லிம் பெண்களின் அவலத்தைத் துணிந்து சொன்ன நாவல்” என்கிற மேடைப் பேச்சு. முதலாவதைச் சொல்பவர்களில் அநேகர் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்களிலும் கடைசிப் பக்கம் வரை போனவர்கள் கொஞ்சப் பேர்தான் என்பது என் சந்தேகம். இரு சாராருக்கும் இந்த நாவல் ஒரு சாட்சி வாக்குமூலம் மட்டுமே. சாட்சி பொய்யா மெய்யா என்பதில்தான் சண்டை. ஒரு மனுசி தன்னைத் தானாக அறிந்துகொள்ள என்ன வேண்டும் என்று நாவல் கேட்கும் கேள்வி இருவருடைய காதிலும் விழவில்லை.

வாசித்தவர்கள் சொல்லும் பொதுவான முறைப்பாட்டிலிருந்து தொடங்கலாம். பாத்திரங்கள் கூடிப்போய்விட்டன என்பார்கள். ராபியா, ஸொஹ்ரா, ரஹிமா, வஹிதா, பிர்தவ்ஸ், ஆமினா, மைமூன், பாத்திமா, நூரம்மா என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. யார் யாருக்கு மகள், யார் யாருக்கு மச்சி என்று பிடிபடுவதற்குள் நூறு பக்கம் போய்விடும். என் சக ஆசிரியை ஒருவர் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் குடும்ப மரம் கீறி வைத்துக்கொண்டுதான் வாசித்து முடித்தார். முறைப்பாட்டில் நியாயம் உண்டு. குசினிப் பேச்சுகள் பல இடங்களில் சொன்னதையே சொல்கின்றன. நல்ல செம்மையாக்குநர் ஒருவரின் கை பட்டிருந்தால் புத்தகம் இளைத்து இன்னும் வடிவாக இருந்திருக்கும்.

ஆனாலும் அந்த நெரிசலை முழுக்கக் குறையென்று தள்ளிவிட முடியாது. அந்த வீடுகளில் எந்தப் பெண்ணும் தனியாக இல்லை. ஒருத்தி அழுதால் ஏன் என்று கேட்க ஆள் வரும், சிரித்தால் அதையும் கேட்க வரும். ஒருத்தியின் உடம்பில் நடப்பது அடுத்த வீட்டுத் திண்ணைக்கு அவளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ‘நான் யார்’ என்று கேட்க முதலில் தனியே இருக்க ஒரு மூலை வேண்டாமா? பகல் முழுக்க அது அவர்களுக்குக் கிடைக்காது. ஊர் அடங்கிய பிறகு வரும் இரண்டாம் ஜாமம் மட்டும்தான் கொஞ்சம் அவர்களுடையது. நாவலின் தலைப்பை நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். ஒரு கதாநாயகியை நடுவில் வைத்து எழுதியிருந்தால் இந்த மூச்சுமுட்டல் எமக்கு எட்டியிராது. அவள் போராடுகிறாள், வெல்கிறாள் அல்லது தோற்கிறாள் என்று கதை சுலபமாக முடிந்திருக்கும்.

அடக்குவது யார் என்ற கேள்விக்கும் நாவல் வழக்கமான பதிலைத் தருவதில்லை. ஜமாஅத் இருக்கிறது. பாத்திமா ஓர் இந்து ஆணோடு போய்விட்டாள் என்பதற்காக, ஒன்றுமறியாத அவளுடைய தாய் நூரம்மாவை ஊர் தண்டிக்கிறது. இதெல்லாம் ஆண்கள் கூடி எடுக்கும் தீர்ப்புகள். ஆனால் அன்றாட நெருக்குதல் வருவது உம்மாவிடமிருந்து, சாச்சியிடமிருந்து, கூடப் பிறந்தவளிடமிருந்து. அதுவும் பாசத்தோடு வருகிறது. “ஒன்ட நன்மைக்குத்தான் சொல்றன்” என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் ஊர்களிலும் இருக்கிறாளா?

பிர்தவ்ஸின் கதைதான் இதில் கனமானது. பெரியவர்கள் கட்டிவைத்த மாப்பிள்ளையை அவளால் ஏற்க முடியவில்லை. தலாக் ஆகித் தாய் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். எதிர் வீட்டு சிவாவோடு உறவு ஏற்படுகிறது. விஷயம் வெளியே வந்தபோது தாய் ஆமினாவே மகளுக்கு நஞ்சு கொடுக்கிறாள். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது ஆமினாவைப் பேயென்று ஒதுக்கிவிட்டுப் போக முடிவதில்லை. மகளை வளர்த்ததும் அந்தக் கைதான். எந்தக் கிதாபிலும் எழுதியிராத ஒரு சட்டத்துக்கு அவள் பணிகிறாள். அதே குடும்பத்தில் காதருக்கு மாரியாயியோடு இருக்கும் தொடர்பு எல்லாருக்கும் தெரியும். அது மென்று விழுங்கப்படுகிறது. “ஆம்பிள சேறு கண்ட இடத்துல மிதிப்பான், தண்ணி கண்ட இடத்துல கழுவுவான்” என்று எங்கட கிழவிகளும் சொல்லத்தானே செய்கிறார்கள்.

இந்த நாவலை மார்க்கத்துக்கு விரோதமானது என்பவர்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும். மறுமையில் ஒவ்வொரு ஆத்மாவும் தனியேதான் கணக்குக் கொடுக்கும் என்பது எமது ஈமான். அங்கே உம்மாவும் ஜமாஅத் தலைவரும் பக்கத்தில் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். அப்படியிருக்க, கணக்குக் கொடுக்க வேண்டியவளுக்கு இங்கே தன் கணக்கைத் தானே எழுத இடமில்லை என்பதுதான் நாவல் காட்டும் நிலை. நூரம்மா மகளின் சுமையைச் சுமக்கிறாள். பிர்தவ்ஸ் குடும்ப மானத்தின் சுமையோடு சாகிறாள். இதற்கெல்லாம் மார்க்கத்தின் பெயரைச் சூட்டியது யார் என்று விசாரிப்பது மார்க்கத்துக்கு எப்படி விரோதமாகும்?

சல்மாவின் வாழ்க்கையை நாவலோடு குழப்பக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்த ரொக்கையா, ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். மணமான பின் எழுதுவதற்குத் தடை. குளியலறையில் ஒளிந்திருந்து எழுதினார். அந்தக் கவிதைகளை வீட்டை விட்டு வெளியே கடத்த உதவியவர் அவரது தாய். வீட்டுக்குள் அடைத்த குடும்பத்தின் கையும் கவிதையைக் கடத்திய கையும் ஒன்றுதான். நாவலில் ஆமினாவின் கை செய்யும் காரியத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘சல்மா’ என்ற புனைபெயர் முதலில் ஒளிவதற்காக வந்தது, பிறகு அதுவே ஆளாயிற்று. 2001இல் உள்ளூராட்சிப் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது குடும்பமே அவரைத் தேர்தலில் நிறுத்தியது. வாசலைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் தேவை வந்ததும் எவ்வளவு லேசாக வளைந்தது!

இலங்கையில் நிலைமை அப்படியில்லை என்று நாம் ஆறுதல் கொள்வதுண்டு. உண்மைதான். சித்திலெப்பை 19ஆம் நூற்றாண்டிலேயே பெண் பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டார். எங்கள் பிள்ளைகள் உயர்தரம் படிக்கிறார்கள், பல்கலைக்கழகம் போகிறார்கள். ஆனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வந்தபோது பதிவில் வலீயின் கையொப்பத்துக்கு இடம் வைத்தது, மணமகளின் கையொப்பத்துக்கு வைக்கவில்லை. பட்டச் சான்றிதழிலும் சம்பளப் பட்டியலிலும் ஒப்பமிடுகிற ஒருத்தியின் பெயர், அவளுடைய நிக்காஹ்வில் மட்டும் அவள் கையெழுத்தாக இருக்க வேண்டியதில்லை என்றால், துவரங்குறிச்சி அப்படியொன்றும் தூரத்தில் இல்லை.

நாவலில் எனக்குள்ள பெரிய குறை இன்னொன்று. பிர்தவ்ஸ் எதை வெறுத்தாள் என்பது தெரிகிறது, யாரை விரும்பினாள் என்பதும் தெரிகிறது. அவள் யாராக ஆக விரும்பினாள் என்பது கடைசிவரை தெரியவில்லை. மீறல் என்றாலே ஆண்-பெண் உறவு என்று நாவலும் ஊரைப் போலவே எண்ணிக்கொள்கிறதோ என்று தோன்றுகிறது. ஆண்களை எழுதும்போதும் கை அவசரப்படுகிறது. சிறுமி ராபியாவிடம் மட்டும்தான் வேறொரு தேடல் துளிர்க்கிறது. அவளை வைத்து ஆசிரியை பிரசங்கம் செய்யவில்லை. அவள் பார்க்கிறாள், விளங்காமல் முழிக்கிறாள், அடி வாங்குகிறாள். புத்தகத்தின் ஆகச் சிறந்த பகுதிகள் அவளுடையவை.

நாவலில் கிடைக்காத அந்த ‘நான்’ சல்மாவின் கவிதைகளில் கேட்கிறது. எங்கள் கிழக்கில் அனாரிடமும் கேட்கிறது. 2007இல் வந்த தொகுதிக்கு ‘எனக்குக் கவிதை முகம்’ என்று அவர் பெயர் வைத்தார். கவிதைக்கு ஒரு குரல் போதும், பூட்டிய கதவுக்குள்ளிருந்தும் எழுதிவிடலாம். நாவலுக்கு வீடு முழுக்க வேண்டும், தெரு வேண்டும், ஜமாஅத்தும் வேண்டும். எங்கட சாய்ந்தமருதையோ காத்தான்குடியையோ புத்தளத்தையோ ஒரு பெண் அந்த அகலத்தில் எழுதினால், அதிலே ராபியாக்கள் எத்தனை வயது வரைக்கும் கேள்வி கேட்பார்கள் என்று அறிய எனக்கு ஆசையாக இருக்கிறது.